ஊட்டத்தூரில் தொடங்கும் கடல்

கோடை விடுமுறைக்கு எங்கே போவது என்று ஸ்ரீரங்கத்து வீட்டில் பேச்சு வந்தபோது கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை என்று வழக்கமான பெயர்கள்தான் முதலில் வந்தன. பிளஸ் ஒன் முடித்திருந்த அக்கா மகள் மட்டும், "மாமா, காரைக்குப் போகலாம். கூடாரம் போட்டுத் தங்கிப் புதைபடிவம் தேடலாம்" என்றாள். காரைக்கால் என்று சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள் என்றே அக்கா நினைத்துக்கொண்டாள். "கடல்ல ஜாக்கிரதையா குளிங்க" என்று அப்போதே எச்சரிக்கையும் செய்தாகிவிட்டது.

அக்கா சொன்னது முழுத் தவறு என்றும் சொல்ல முடியாது. காரை, பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் இருக்கும் ஒரு கிராமம். கடலுக்கும் அதற்கும் இன்று நூறு கிலோமீட்டர் இடைவெளி இருக்கும். ஆனால் சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது கடலடியில்தான் கிடந்தது. அந்தக் கடலின் சேறும், அதில் புதைந்த உயிர்களும் இன்றைக்கும் அங்கே வெயிலில் காய்ந்துகொண்டிருக்கின்றன. இந்திய புவியியல் ஆய்வுத் துறை, பாதுகாக்கப்பட வேண்டிய நிலவியல் சின்னங்களின் பட்டியலில் காரை – கொளக்காநத்தம் நிலப்பகுதியையும் பக்கத்தில் உள்ள சாத்தனூர் கல்மரத்தையும் சேர்த்திருக்கிறது. வெளிநாட்டு நிலவியல் மாணவர் ஒருவரிடம் 'டிரிச்சினோபோலி' என்று சொல்லிப் பாருங்கள். அவருக்குச் சுருட்டும் தெரியாது, மலைக்கோட்டையும் தெரியாது. கிரெட்டேசியக் காலத்துப் பாறை அடுக்கு ஒன்றின் பெயர் அது என்பது மட்டும் தெரியும். பெரம்பலூர் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, மறு வருடமே மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007இல் மறுபடி பிரிந்தது. பாறைகள் மட்டும் இன்னும் பழைய திருச்சி ஜில்லாவிலேயே இருக்கின்றன.

கல்லூரியில் நிலவியல் நடத்தி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் உண்டு. அவர் வந்தால்தான் போவது என்று முடிவு செய்தேன். வழி தெரியாமல் போனால் கண்ணுக்கு முன்னால் இருப்பதும் வெறும் மண்ணாகத்தான் தெரியும். திட்டத்தைக் கேட்டதும் அவர் முதலில் சிரித்தார். "கத்திரி வெயில்ல காரைக்கா? அந்த ஓடையில நிழல்னு ஒரு முழம் கிடையாது சார். இதுக்குன்னு ஒரு பருவம் இருக்கு. வடகிழக்குப் பருவமழை ஓய்ஞ்ச பிறகு, தையிலயோ மாசியிலயோ போகணும். மழை கழுவிவிட்ட மண்ணுலதான் புதுசு புதுசா வெளியே வரும்." ஆனால் பள்ளி விடுமுறை தையில் வருவதில்லை. எனவே ஓர் உடன்பாடு: விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை தேடுவது, பிறகு நான்கு மணிக்கு மேல், இடைப்பட்ட நேரத்தில் கூரைக்குக் கீழே இருப்பது.

நாள் குறிப்பதிலும் சிக்கல். சித்திரையில் சமயபுரம் தேர் வந்தால் திருச்சி – சென்னை சாலையில் பால்குடமும் தீச்சட்டியுமாகக் கூட்டம் நடக்கும், வண்டி நகராது. அதையடுத்து ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர். அதற்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள். நாங்கள் தங்கவிருந்த ஊர்க்காரர்களே அந்த வாரம் எங்கள் தெருவில்தான் இருப்பார்கள்! இரண்டு தேரும் நிலைக்கு வரட்டும் என்று காத்திருந்தோம்.

மருமகள் இணையத்தில் பார்த்துச் சுத்தியல், உளி, சல்லடை, மண்வெட்டி என்று ஒரு பட்டியல் போட்டிருந்தாள். நண்பர் அதை வாங்கி ஒவ்வொன்றாக அடித்தார். கடைசியில் மிஞ்சியவை: ஒரு பெயிண்ட் பிரஷ், கை லென்ஸ், ஆறங்குல ஸ்கேல், நோட்டு, பென்சில், ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், தொப்பி, கணுக்காலை மூடும் ஷூ. சுருட்டைவிரியன் நடமாடும் பூமி அது, செருப்பு ஆகாது என்றார். சாப்பாட்டுக்குப் புளியோதரை; வெயிலில் புளித்துப் போகாமலிருக்கப் பால் ஊற்றிப் பிசைந்த தயிர்சாதம்; தொட்டுக்கொள்ள உப்பு நார்த்தங்காய்.

"சுத்தியல் இல்லாம எப்படி சார் எடுக்கிறது?" என்று அவள் கேட்டாள்.

"எடுக்கப் போறோம்னு யாரும்மா சொன்னது? பார்க்கப் போறோம்."

அவள் முகம் வாடியது. எனக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அவர் சொன்ன காரணம் நியாயமாக இருந்தது. புதைபடிவத்தின் மதிப்பு அந்தக் கல்லில் பாதிதான். மீதிப் பாதி அது கிடக்கும் இடத்தில் இருக்கிறது. எந்த அடுக்கு, அதற்கு மேலே என்ன, கீழே என்ன, பக்கத்தில் எந்தச் சிப்பி என்ற விவரங்களோடு சேர்ந்தால்தான் அது ஒரு சாட்சி. பொறுக்கி வந்து ஷோகேசில் வைத்துவிட்டால் வெறும் அழகான கல்.

புறப்படுவதற்கு முன்பே முதல் படிவத்தை ஸ்ரீரங்கத்திலேயே பார்த்துவிட்டோம் என்பதுதான் வேடிக்கை. உத்தர வீதியில் எங்களுக்குப் பழக்கமான மாமி ஒருவர், நாங்கள் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுப் படிவத்தைப் பற்றிப் பேசியதைக் கேட்டு, "சக்கரம் சக்கரமா இருக்குமே, அதுவா? எங்காத்துல தலைமுறை தலைமுறையா இருக்கே" என்றார். சாளக்கிராமம். மறுநாள் திருவாராதனத்தின்போது வரச் சொன்னார். தொடக்கூடாது, தள்ளி நின்று பார்க்கலாம்.

பெரிய நெல்லிக்காய் அளவு. மையிருட்டு நிறம். ஒரு பக்கம் சிறு துவாரம். பித்தளைத் தட்டில் வைத்துத் தீர்த்தம் விட்டபோது, ஈரம் பட்ட இடத்தில் துவாரத்தின் உட்புறத்து வரிகள் தெளிந்து வந்தன. உள்ளிருந்து வெளியே விரிந்து சுற்றும் சுருள், அதன்மேல் சீரான இடைவெளியில் விலா எலும்புகளாக மேடுகள். நண்பர் கைகட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: நேபாளத்தில் கண்டகி நதி அரித்துக்கொண்டு வரும் கருங்களிப் பாறையில் உருவான உருண்டை அது. உள்ளே இருந்தது கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவான ஒரு கடல்வாழ் உயிரின் ஓடு. ஜுராசிக் காலத்தது; நாம் பார்க்கப்போகும் காரைச் சரக்கைவிட வயதில் மூத்தது. இமயமலை எழும்புவதற்கு முன் அந்த இடத்தில் கடல் இருந்தது.

மாமி அசரவில்லை. "அது உங்க சாஸ்திரம். மீனோ நத்தையோ, மத்ஸ்யாவதாரமே எடுத்தவருக்கு அது என்ன பெரிய விஷயம்?" என்று தீர்த்தம் கொடுத்தார்.

நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் முதலாவது ஸ்ரீரங்கம். நேபாளத்து முக்திநாத்தும் சாளக்கிராமம் என்ற பெயரில் அந்தப் பட்டியலில் உண்டு. கல்லாகிப்போன கடலுயிரை நாள்தோறும் நீராட்டி அமுது செய்விக்கும் தெருக்கள் உலகத்தில் அதிகம் இருக்க முடியாது. அப்படிப்பட்ட தெருவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் அதே குலத்தைச் சேர்ந்த ஓடுகள் ஆட்டுக் குளம்பில் மிதிபடுகின்றன என்பது ஊரில் பலருக்குத் தெரியாது.

விடியற்காலையில் கிளம்பினோம். கொள்ளிடம் பாலம் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட்டில் டீ. இடப்பக்கக் கண்ணாடியில் மலைக்கோட்டை சிறுத்துக்கொண்டு வந்தது. உலகத்தின் மிகப் பழைய பாறைகளில் ஒன்று என்று சுற்றுலாக் கையேடுகள் அதைப் புகழ்வது வழக்கம். அதில் படிவம் கிடைக்குமா என்று மருமகள் கேட்டாள். ஒரு சிப்பிகூடக் கிடைக்காது என்றார் நண்பர். அது பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பாறை. ஓடும் எலும்பும் கொண்ட உயிர்கள் பெருகுவதற்கு முந்தியது. படிவம் வேண்டுமென்றால் சேறும் மணலும் படிந்து உருவான பாறைக்குப் போக வேண்டும்.

சமயபுரம், சிறுகனூர் தாண்டிப் பாடாலூர் பக்கம் கிழக்கே திரும்பியதும் ஊட்டத்தூர். சுத்தரத்தினேஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். சிறுநீரகக் கோளாறு தீர வேண்டிக்கொண்டு வெளியூர்களிலிருந்தும் வருகிறார்கள். அந்தக் காலையிலும் இரண்டு வேன்கள் நின்றன. உடம்புக்குள் இருக்கும் கல்லுக்காக இத்தனை பேர் வரும் ஊரின் பெயரை, வெளியில் இருக்கும் கல்லுக்காக உலகமே உச்சரிக்கிறது. 'உட்டத்தூர் குழு' என்பது தென்னிந்தியக் கிரெட்டேசியப் பாறைகளில் அடியில் உள்ள, அதாவது மிகப் பழைய, கடல் அடுக்குக்கு வைத்த பெயர். அதற்கு மேல் திருச்சிராப்பள்ளிக் குழு, அதற்கும் மேல் அரியலூர்க் குழு.

ஊரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் நண்பர் வண்டியை நிறுத்தச் சொன்னார். வலப்பக்கம் மொட்டைப் பாறையும் செம்மண்ணும். இடப்பக்கம் நிலம் நிறம் மாறிக் கரிசலாகிப் பருத்திக் கட்டை காய்ந்து நின்றது. "இதுவரைக்கும் கரை. இனிமே கடல்" என்றார்.

பெரிய விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. கோண்டுவானா என்ற பெருநிலம் பிளந்து, இந்தியா அண்டார்டிகாவிடமிருந்து விலகியபோது நம் கிழக்குக் கரையோரம் பள்ளங்கள் விழுந்தன. காவிரிப் படுகை அப்படி விழுந்த பள்ளம். அதில் கடல் ஏறியது, பின்வாங்கியது, மறுபடி ஏறியது. சுமார் ஐந்து கோடி ஆண்டுகள் இந்த விளையாட்டு நடந்தது. இதே பள்ளத்தின் கிழக்குக் கோடியில், நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில், ஓ.என்.ஜி.சி. எண்ணெய் எடுக்கிறது. அங்கே பல ஆயிரம் அடி ஆழத்தில் கிடக்கும் அடுக்குகள் இங்கே தரையிலேயே தலைகாட்டுகின்றன. அதனால்தான் நிலவியல் துறைகள் துளையிடும் கருவி எதுவுமில்லாமல் மாணவர்களை இங்கே அழைத்து வருகின்றன.

காரை ஓடைக்குள் இறங்கியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. சாம்பல், பழுப்பு, செம்மை என்று களிமண் குன்றுகள். மழைநீர் அறுத்த நூற்றுக்கணக்கான வாய்க்கால்கள். புல் பூண்டு இல்லை. காலடியில் கண்ணாடிச் சில்லு சிதறிய மாதிரி எங்கும் பளபளப்பு. அது ஜிப்சம். களிமண் வெடிப்புகளில் தகடு தகடாகப் படிந்திருக்கிறது. நகத்தால் கீறினாலே கோடு விழும். சேலத்துப் பக்கம் மலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு தேசம். சினிமாக்காரர்கள் இதைச் சந்திர மண்டலம் என்று காட்டினாலும் நம்பலாம்.

முதல் கால் மணி நேரம் எங்களுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. நண்பர் நின்ற இடத்திலிருந்து நகராமல், "உட்காருங்க" என்றார். உட்கார்ந்தோம். நிற்கும்போது நிறம்தான் தெரியும். உட்கார்ந்தால்தான் உருவம் தெரியும் என்பது அவர் பாடம். தேன் நிறத்தில், சுண்டுவிரல் நீளத்தில், ஒரு முனை கூர்த்து, துப்பாக்கித் தோட்டா போல ஒன்று மருமகளின் ஷூவுக்குப் பக்கத்தில் கிடந்தது. பெலம்னைட். கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த திடமான பகுதி அது. உடைந்த வாயைக் கை லென்சில் பார்த்தால் மையத்தைச் சுற்றி வளையம் வளையமாக ஓடும் நுண்ணிய கோடுகள் தெரிகின்றன. அந்த உயிர் வளர்ந்த கணக்கு அதில் இருக்கிறது. ஒன்றைப் பார்த்த கண்ணுக்குப் பிறகு எங்கும் அதுதான். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பதும், நோட்டில் எழுதுவதும், கைபேசியில் இருப்பிடத்தைக் குறிப்பதுமாக அவள் சுறுசுறுப்பானாள்.

அம்மோனைட் கிடைத்தது எட்டு மணிக்கு மேல், ஒரு சரிவின் பாதியில். முழுச் சுருள் இல்லை. உள்ளங்கையில் பாதி அகலத்துக்கு ஒரு துண்டு. விலா மேடுகள் மாமி வீட்டுத் தட்டில் பார்த்தவைதான். மேலோடு உதிர்ந்த இடத்தில் மட்டும் புதிதாக ஒன்று: இலை நுனிபோல நெளிந்து நெளிந்து ஓடும் கோடுகள். உள்ளறைகளைப் பிரிக்கும் சுவர்கள் ஓட்டோடு ஒட்டிய தடம் அது. அறைகளில் காற்றையும் நீரையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு இவை கடலில் மிதக்கும் மட்டத்தைச் சரிசெய்துகொண்டன. கோட்டின் நெளிவு இனத்துக்கு இனம் மாறும்; இனங்கள் வேகமாகத் தோன்றி வேகமாக மறைந்தன. ஆகையால் ஒரு துண்டு கிடைத்தாலே அந்தப் பாறையின் காலத்தைச் சொல்லிவிட முடிகிறது. அவள் அதை ஒருமுறை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த குழியிலேயே வைத்தாள். நான்தான் இன்னும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆடு ஓட்டி வந்த பெரியவர் எங்களை நோட்டம் விட்டார். "எந்த காலேஜு?"

"காலேஜ் இல்லைங்க, ஸ்ரீரங்கம். சும்மா பார்க்க வந்தோம்."

"சும்மா பார்க்கவா?" நம்பாமல் சிரித்தார். "பஸ்ஸு போட்டுக்கிட்டு வருவாங்க. சாக்குல அள்ளிக்கிட்டுப் போவாங்க. நான் சின்னப் பையனா இருந்தப்ப இந்தா, இந்த அகலத்துக்குச் சக்கரம் சக்கரமா கெடக்கும். இப்ப எங்க கெடக்கு?" இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மாட்டு வண்டிச் சக்கரத்தில் பாதி இருக்கும். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாரோ என்று நண்பரைப் பார்த்தேன், அவர் தலையாட்டினார்.

அள்ளிப் போனவர்களில் முதல் வரிசை வெள்ளைக்காரர்கள்தான். ஆனால் அவர்கள் குறிப்பெழுதிக்கொண்டு அள்ளினார்கள். சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு அதிகாரிகள் 1840களில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் சேகரித்தவற்றை லண்டனுக்கு அனுப்ப, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து வெளியிட்டார். பிறகு இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்த ஓடைகளில் அலைந்து, எந்தச் சிப்பி எந்த அடுக்கில் என்று கவனித்து, 1862இல் அறிக்கை தந்தார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்ற மூன்று பிரிவுகளும் அவர் கணக்கு. சேகரித்த சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் படம் வரைந்து பெயர் சூட்டிப் பெரிய பெரிய தொகுதிகளாக வெளியிட்டவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிட்ஸ்கா, இன்றைய செக் நாட்டுக்காரர். இமயத்தைத் தாண்டி யார்க்கண்ட் போய்த் திரும்பும் வழியில், உயரம் தாளாமல் 1874இல் லடாக்கில் இறந்தார். வயது முப்பத்தாறு. கல்லறை லேயில் இருக்கிறது. காரைச் சிப்பியை இன்றைக்கு ஆராய்கிறவரும் அவர் தொகுதியைப் புரட்டாமல் வேலை தொடங்க முடியாது.

ஒன்பது மணிக்குக் களிமண்ணே சூட்டைத் திருப்பி அடிக்கத் தொடங்கியது. கிளம்பிவிட்டோம். பகலைக் கொளக்காநத்தம் பக்கத்தில், நண்பருக்குத் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் கழித்தோம். மாலையில் அவர்கள் களத்துமேட்டில் கூடாரம் போட அனுமதித்தார்கள். ஓடைக்குள் போடலாம் என்று மருமகள் கெஞ்சிப் பார்த்தாள். கோடை மழை எங்கோ மேற்கே பெய்தாலும் ஓடையில் தண்ணீர் வரும். தண்ணீர் வராவிட்டாலும் தூறல் விழுந்தாலே அந்தக் களிமண் காலைப் பிடித்துக்கொள்ளும் என்று நண்பர் மறுத்துவிட்டார். ஆக, மக்காச்சோளம் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் கூடாரம் எழும்பியது. உள்ளே பத்து நிமிடம் யாராலும் இருக்க முடியவில்லை. வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே கயிற்றுக் கட்டில் கொடுத்தார். கூடாரத்துக்குள் பைகள் படுத்துக்கொண்டன. கோடையில் இந்தப் பக்கம் தங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: கூடாரத்தை வீட்டில் வைத்துவிட்டுக் கொசுவலை எடுத்துப் போங்கள்.

சாத்தனூர் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் இந்தக் கல்மரத்தை வெளியுலகுக்கு அறிவித்தார். தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்துக்காரர். பின்னாளில் இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் தலைவரான முதல் இந்தியர். வேலி போட்ட இடத்துக்குள், துண்டு துண்டாகப் பிளந்தும் வரிசை குலையாமல், 18 மீட்டர் நீளத்துக்கு அடிமரம் படுத்திருக்கிறது. பூக்காத ஊசியிலை வகை. கரையில் வளர்ந்து, ஆற்றோடு கடலுக்கு வந்து, ஊறி மூழ்கி, மணலுக்கும் சேற்றுக்கும் அடியில் புதைந்தது. மண்ணுக்குள் இறங்கிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மக்கிக்கொண்டிருந்த மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையாக ஏறி உட்கார்ந்தது. மரம் போய்விட்டது, மரத்தின் அமைப்பு நின்றுவிட்டது. கணு தெரிகிறது, பட்டை உரிந்த வாட்டம் தெரிகிறது. தட்டினால் மட்டும் கல்.

இவ்வளவு பெருமை உள்ள இடத்தில் நாங்கள் இருந்தவரை வந்தவர்கள் ஒரு பைக்கில் இரண்டு இளைஞர்கள் மட்டும். செல்பி எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பத்துக் கோடி வருஷத்துச் சங்கதியைச் சாமானியருக்குச் சுவையாகச் சொல்ல ஓர் ஆள் அங்கே நிற்க வேண்டும். கோயிலுக்கு ஸ்தலபுராணம் சொல்ல ஆள் இருப்பதுபோல் கல்லுக்கும் வேண்டாமா?

திரும்பும் வழியைக் கருடமங்கலம், கல்லக்குடி, அரியலூர் என்று சுற்றி வைத்துக்கொண்டோம். கருடமங்கலத்துச் சிப்பிச் சுண்ணாம்புக்கல் ஒருகாலத்தில் 'டிரிச்சினோபோலி மார்பிள்' என்ற பெயரில் பெயர் பெற்றது. சாம்பல் நிறக் கல்லில் வெள்ளைச் சிப்பிகள் நெருக்கியடித்துக் கிடக்கும், மெருகேற்றினால் பளிங்காகும். மேசைப் பலகை, காகிதப் பாரம் என்று செய்து விற்றார்கள். வயல் வரப்பில் கிடந்த ஒரு கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினோம். ஒரு சாண் இடத்தில் எண்ண முடியாத அளவு சிப்பியும் சங்கும் எழுந்து வந்தன.

கல்லக்குடியில் 1939இலிருந்து சிமெண்ட் ஆலை. 1953இல் ரயில் நிலையத்துக்கு டால்மியாபுரம் என்றிருந்த பெயரை மாற்றக் கோரித் தி.மு.க. நடத்திய போராட்டத்தில் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தது ஊரறிந்த கதை. பெயர் மாறியது. ஆனால் நிலவியல் ஏடுகளில் அங்குள்ள பவளச் சுண்ணாம்புப் பாறைக்கு இன்றும் 'டால்மியாபுரம் அடுக்கு' என்றே பெயர். அங்கே எந்தப் போராட்டமும் எட்டவில்லை.

அரியலூரை நெருங்க நெருங்கச் சாலையோரத்து வேப்பிலை எல்லாம் வெளுத்துப்போயிருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகின்றன. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் நிறைந்திருப்பது, கடலடியில் மேடு மேடாகக் குவிந்த கிரைஃபியா என்ற சிப்பி இனம். நாம் வீடு கட்டும் சிமெண்ட் அந்தச் சிப்பிகளைப் பொடித்துச் சுட்டதுதான். சுரங்கம் படிவங்களை அழிக்கிறது என்று எழுதுவது சுலபம். உண்மைதான், அழிக்கிறது. ஆனால் சுரங்கம் வெட்டாமல் இருந்திருந்தால் இந்த அடுக்குகளில் பாதியை எந்த விஞ்ஞானியும் கண்ணால் பார்த்திருக்க முடியாது என்பதும் உண்மை. வெடி வைப்பதற்கு முன்னால் ஆய்வாளர் ஒருவர் முகப்பைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனையை உரிமத்தில் சேர்ப்பதில் என்ன கஷ்டம் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

இழப்புக்குச் சுரங்கம் மட்டும் காரணமில்லை என்பதற்கு அரியலூர்ப் பகுதியிலேயே ஒரு கதை உண்டு. கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து, யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980களின் பிற்பகுதியில் ஒரு டைனோசருக்குப் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். கீழ்க்கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர் நீளம். முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று கருத்து மாறியது. எடை நூறு டன்னுக்கு மேல் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அப்படியானால் தரையில் நடந்த உயிர்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. சரிபார்க்கலாம் என்றால் எலும்பு இல்லை. மழையிலும் ஈரத்திலும் அவை பொடிந்து போயின என்று 2017இல் எழுதினார்கள். மிஞ்சியவை வரைபடங்களும் பழைய புகைப்படங்களும்தான்.

எலும்பு பொடிந்ததைப் பற்றிப் பேசாத நாம் முட்டை என்றால் மட்டும் பரபரக்கிறோம். 2020 அக்டோபரில் குன்னம் பக்கம் குளம் வெட்டிய இடத்தில் உருண்டை உருண்டையாகக் கிடந்தவற்றை டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் ஊரெல்லாம் பரப்பியது. போய்ப் பார்த்த நிலவியலாளர்கள் அவை முட்டையல்ல, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவு உருண்டைகள் என்றார்கள். ஏமாற்றத்தோடு கூட்டம் கலைந்தது. அவை முட்டையைவிடக் குறைந்த அதிசயமா என்ன?

செந்துறைக்குப் பக்கத்தில் நின்னியூர் வட்டாரத்துப் பாறைகளில் அம்மோனைட் கிடைப்பதில்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து அவையும் அற்றுப்போன பிறகு படிந்த அடுக்கு அது. முந்திரித் தோப்புகளுக்கு நடுவே, ஒரு காலை நேரத்துப் பயணத்தில், பேரழிவுக்கு முன்னும் பின்னும் போய்வந்துவிடலாம். நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை; தண்ணீர் தீர்ந்துவிட்டது, வெயில் 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. கடைசியாக வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் இறங்கினோம். காரையில் குழியில் விட்டுவிட்டு வந்த துண்டின் முழு உருவத்தை மருமகள் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தாள். படிவங்களைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள் முதலில் இங்கே வந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு, பிறகு ஓடைக்குப் போவது நல்லது. நாங்கள் போனது தலைகீழ் வரிசை.

புதைபடிவங்களையும் நிலவியல் சின்னங்களையும் காப்பதற்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை காரையைக் காப்பது அங்கே போகிறவர்களின் கையில்தான் இருக்கிறது. தை, மாசியில் போங்கள். நிலவியல் தெரிந்த ஒருவரைக் கையோடு அழைத்துப் போங்கள். ஊர்க்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடையில் இறங்குங்கள். சுரங்கத்துக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். நல்லதொரு படிவம் கண்ணில் பட்டால் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, வாரணவாசி அருங்காட்சியகத்துக்கோ பக்கத்துக் கல்லூரி நிலவியல் துறைக்கோ தெரியப்படுத்துங்கள். சாக்கு எடுத்துப் போகாதீர்கள்.